கை வைத்த கவுன்

காபி குடிக்கக் கூடாது. டீயும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகக் கூடாது. ஆனால் டான்ஸ் ஆடலாம். ஆடத் தெரியாத பிள்ளைகளுக்குப் புதன்கிழமை சாயங்காலம் சபைக் கட்டடத்திலேயே வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ சபையில் ஞானஸ்நானம் வாங்கி வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். எங்களுக்குக் காபி இல்லாமல் ஒரு சபைக் கூட்டம் கிடையாது. கல்யாண வீடு, துக்க வீடு, வீட்டு ஜெபம் எதுவானாலும் ஆமென் சொன்ன உடனே டம்ளர் வந்துவிடும். ஆனால் ஆலயத்துக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். டான்ஸ் என்றால் ஏரோதியாளின் மகள் ஆடினது; அந்த ஆட்டத்துக்குக் கூலியாக யோவான் ஸ்நானகனின் தலை தாலத்தில் வந்தது. ஓய்வுநாள் பாடசாலை டீச்சர் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் பேசாமல் எங்களைப் பார்ப்பார். அப்புறம் தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடினாரே என்று யாராவது வாலுப்பிள்ளை கேட்டால், “அது ஆவியில ஆடினது” என்று முடித்துவிடுவார். விடுமுறை வேதாகமப் பள்ளியான விபிஎஸ்ஸில் கையைக் காலை ஆட்டிப் பாடுகிற ஆக்‌ஷன் சாங்தான் எங்களுக்குக் கிடைத்த உச்சபட்ச நடனம். பெரிய பிள்ளையானால் அதுவும் போச்சு.

இப்போது நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்கே சாண்ட்லரில். இங்கே இன்டெல்லின் பெரிய சிப் தொழிற்சாலை இருப்பதால் தெருவுக்கு ஒரு தமிழ்க் குடும்பமாவது இருக்கும். பக்கத்து ஊர்களான மெசாவிலும் கில்பர்ட்டிலும் தெருவுக்கு நாலு மார்மன் குடும்பம் இருக்கும். முதலில் சொன்ன காபிக் கணக்கு அவர்களுடையது. மெசா ஊரே 1878இல் மார்மன் குடியேறிகள் அமைத்ததுதான். அவர்களுடைய கோவில் 1927இல் பிரதிஷ்டையானது. கில்பர்ட்டில் 2014இல் இன்னொன்று வந்தது. மார்மன் என்கிற பெயரை 2018 முதல் அவர்களுடைய தலைமை வேண்டாம் என்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயரைச் சொல்ல வேண்டுமாம். ஒரு பதிவு முழுக்க அதை எழுதினால் உங்களுக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம், அதனால் அக்கம்பக்கத்தார் மன்னிக்கட்டும்.

அவர்கள் அமைப்பு நம்மூர் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். வார்ட் என்பது ஒரு சபை. பல வார்ட் சேர்ந்தது ஸ்டேக், அதாவது நம்ம சேகரம். வார்டை நடத்துகிறவருக்கு பிஷப் என்று பெயர். பிஷப் என்றதும் நமக்குச் செங்கோலும் அங்கியும் காரும் ஞாபகம் வரும். இவர்களுக்குச் சம்பளமே கிடையாது. என் மகளின் தோழி வீட்டு வார்ட் பிஷப் வார நாட்களில் பல் பிடுங்குகிற டாக்டர்.

அந்த ஸ்டேக்தான் வருஷத்துக்கு ஒரு தடவை வாலிபப் பிள்ளைகளுக்கு ஃபார்மல் டான்ஸ் வைக்கிறது. பள்ளிக்கூடத்து ப்ராம் மாதிரியே கவுன், கோட், பூ, போட்டோ எல்லாம் உண்டு. உடுப்பிலும் பாட்டிலும் ஆட்டத்திலும் மட்டும் சபை ஒழுங்கு. ‘மார்மன் ப்ராம்’ என்று பள்ளிப் பிள்ளைகள் கேலியாகச் சொல்வார்கள், கேலி செய்தவர்களே அழைப்பு வந்தால் போவார்கள். ஒழுங்கை ஏற்றுக்கொண்டால் வேறு சபைப் பிள்ளைகளும், சபையே இல்லாத பிள்ளைகளும் வரலாம்.

போன வருஷம் பதினோராம் வகுப்பில் இருந்த என் மகளுக்கு அழைப்பு வந்த விதம் இது. ராத்திரி எட்டு மணிக்குக் காலிங் பெல். திறந்தால் ஆளைக் காணோம். வாசலில் ஒரு அட்டை, பக்கத்தில் நிறையப் பலூன். எந்தப் பலூனுக்குள் பெயர் இருக்கிறது என்று உடைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பலூன் வெடிக்கிற சத்தத்தில் என் வீட்டுக்காரர் மேலேயிருந்து ஓடி வந்தார். கடைசியில் ஒரு சுருள் காகிதம் விழுந்தது: ஆர்க்கெஸ்ட்ரா வகுப்பில் செல்லோ வாசிக்கிற பையன். எங்களுக்கு முகம் தெரியும். நல்ல உயரம், பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுவான்.

இவர்கள் வழக்கத்தில் கேட்கிறதோடு முடியாது. பதிலும் அதே மாதிரி மெனக்கெட்டுச் சொல்ல வேண்டும். வெறும் மெசேஜில் சரி என்று அனுப்பினால் மரியாதையில்லை. மகள் யோசித்து யோசித்து, தேன்குழல் அச்சை எடுத்துவரச் சொன்னாள். பட்டர் பேப்பரில் ஒய், ஈ, எஸ் என்று பிழிந்து, அப்படியே எண்ணெயில் நழுவவிட வேண்டும். ஈ எழுத்து உடைந்துகொண்டே இருந்தது. உடைந்ததையெல்லாம் அவள் அப்பா தின்று தீர்த்தார். “பதில் சொல்லதுக்குள்ள மாவு தீந்துரும் போலயே” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது, இவர் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லையே என்று.

மறுப்பு பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. வீடியோ காலில் என் அம்மா, அவளுக்கு ஆச்சி.

“சபைக்குள்ளயா ஆடுதாவ?”

“சபைக்குள்ள இல்ல ஆச்சி, பக்கத்து ஹால்ல.”

“ஆம்பளப் பிள்ளையும் பொம்பளப் பிள்ளையுமாவா?”

“ஆமா ஆச்சி.”

“பிஷப்புக்குத் தெரியுமா?”

“பிஷப்பும் வருவாரு ஆச்சி. அவருதான் ஜூஸ் ஊத்துவாரு.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, அது கள்ள உபதேசக் கூட்டம்லா?” என்று தணிந்த குரலில் கேட்டாள். உபதேசத்தில் நமக்கும் அவர்களுக்கும் தூரம் நிறைய என்பது உண்மைதான். 1830இல் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. வேதாகமத்தோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாக வைத்திருப்பவர்கள். அதையெல்லாம் அம்மாவிடம் விளக்க நான் போகவில்லை. டான்ஸுக்குத்தானே போகிறாள், ஞானஸ்நானத்துக்கு இல்லையே என்றேன்.

இனி கவுன். உண்மையில் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தக் கவுனுக்காகத்தான்.

இந்த நாட்டில் ஃபார்மல் கவுன் என்று கடையில் தொங்குவதில் பெரும்பாலானதற்குக் கை கிடையாது. பாதிக்குத் தோள்பட்டையே கிடையாது. ஸ்டேக் அனுப்பின தாளில் தோள் மூடியிருக்க வேண்டும், முதுகு மூடியிருக்க வேண்டும், நீளம் முழங்காலுக்குக் கீழே என்று இருந்தது. சபையின் வாலிபர் ஒழுங்குக் கையேடு முதன்முதலில் 1965இல் வந்தது. பல வருஷமாக அதில் தோள், முதுகு என்று உடுப்பு விவரம் இருந்தது. 2022இல் வந்த புதிய பதிப்பு அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, கொள்கையைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு தலைமுறை பழகின தாள் உடனே மறைந்துவிடுமா? ஸ்டேக்குக்கு ஸ்டேக் இன்னமும் ஒரு தாள் ஓடுகிறது. பையன்களுக்கான பகுதி ஒரே வரி: கோட், டை. பெண்பிள்ளைகளுக்கு அரைப் பக்கம். இந்த விஷயத்தில் எல்லாச் சபையும் ஒரே சபைதான்.

கை வைத்த கவுனுக்கென்றே இங்கே தனிக் கடைகள் உண்டு, விலை கையைக் கடிக்கும். தோழி புத்திசாலி. சபையே நடத்துகிற டெசரெட் இண்டஸ்ட்ரீஸ் என்கிற பழைய சாமான் கடையில் போய்ப் பத்து நிமிஷத்தில் ஒன்று எடுத்துவிட்டாள். யாரோ ஒரு அம்மா ஏற்கெனவே கை வைத்துத் தைத்து, மகள் போட்டு ஆடி, திரும்பக் கொடுத்த கவுன். மகளுக்குப் பிடித்ததோ ஒரு மாலில் தொங்கின கரும்பச்சை சாட்டின். கை இல்லை. நீளமும் இவளுக்கு ரொம்ப அதிகம், ஹீல்ஸ் போட்டாலும் தரையைக் கூட்டும்.

நீளம் அதிகம் என்றதும் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் கீழே வெட்டுகிற துணியில் கை வரும். கவுனின் கீழ்ச்சுற்று அகலமானது. ஆறு அங்குலம் வெட்டினால் இரண்டு குட்டைக் கைக்குத் தாராளம், கைக்குழிக்கு உள்பட்டி வைக்கக் கிராஸ் பீஸும் கிடைக்கும். நிறம் ஒத்துப்போகுமா, கடையில் அதே பச்சை கிடைக்குமா என்கிற தலைவலியே இல்லை. சாட்டினில் ஒரு தொல்லை, வெட்டின உடனே பிசிறு விடும். ஊசி தப்பான இடத்தில் ஏறினால் ஓட்டை அப்படியே நிற்கும், பிரித்துத் தைத்தாலும் தெரியும். அதனால் முதலில் பழைய பெட்ஷீட்டில் கை வெட்டி, கைக்குழியில் பின் குத்திப் பார்த்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். நம்ம ஜாக்கெட்டில் கையைத் தூக்கினால் பிடிக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். இவள் ஒரு கையை ஒருவன் தோளில் வைத்து மூன்று மணி நேரம் நிற்க வேண்டுமே. கைக்குழியைக் கொஞ்சம் இறக்கி, கைக்கு அடியில் சதுரமாக ஒரு துண்டு வைத்தேன். எங்கள் ஊர் டெய்லர் அக்கா கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, உடம்பு வைத்துவிட்ட பெண்களுக்கு அவசரமாக வைத்துக் கொடுக்கிற அதே துண்டு. ஹூஸ்டனிலிருந்து என் அக்கா, “பேசாம பட்டுப் பாவாட தாவணி கட்டி அனுப்பு, தோளு முதுகு எல்லாம் மூடும்” என்றாள். இடுப்பு மூடாது என்று சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

முதலில் சொன்ன புதன்கிழமை டான்ஸ் வகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்ட்ஸ், கொஞ்சம் கன்ட்ரி ஸ்விங், வரிசையாக நின்று ஆடுகிற லைன் டான்ஸ். சொல்லிக் கொடுத்தது தோழியின் பாட்டி. எண்பதை நெருங்குகிறவர், முழங்கால் மாற்று அறுவை செய்தவர், மற்றவர்களை எண்ணிக்கை சொல்லியே ஆட்டிவைத்தார். மகளைக் கூட்டிவரப் போகிற சாக்கில் நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டதில்தான் எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும்.

அவர்களுக்கு டான்ஸ் புதிதாக வந்த நாகரிகம் இல்லை. சபையின் இரண்டாவது தலைவர் பிரிகாம் யங் வளர்ந்த வீடு கடுமையான வீடு. வயலின் சத்தம் காதில் விழுவதே பாவம் என்று வளர்க்கப்பட்டவர். அதே மனிதர்தான் பின்னால் டான்ஸுக்குப் பெரிய ஆதரவாளர். இல்லினாயிலிருந்து துரத்தப்பட்டு, 1846-47இல் மாட்டுவண்டிகளோடு மேற்கே நடந்த கூட்டம், பகலெல்லாம் நடந்து ராத்திரி நெருப்பைச் சுற்றி ஆடியது. கூடவே ஒரு பித்தளை வாத்தியக் குழுவும் வந்தது. 1847 ஜனவரியில் பிரிகாம் யங் மூலமாக வந்ததாக அவர்கள் நம்புகிற வெளிப்பாட்டில், மகிழ்ச்சியாக இருந்தால் பாட்டாலும் இசையாலும் நடனத்தாலும் கர்த்தரைத் துதிக்கலாம் என்கிற கருத்து எழுத்திலேயே இருக்கிறது. அந்த வருஷம் ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் எழும்பி ஆறு வருஷத்துக்குள், 1853 தொடக்கத்தில், ஆட்டத்துக்கும் நாடகத்துக்கும் என்று சோஷியல் ஹால் திறந்துவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற சால்ட் லேக் கோவில் கட்டி முடிந்தது 1893இல். கோவிலுக்கு நாற்பது வருஷம் முந்தி டான்ஸ் ஹால். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்காக எல்லா ஆட்டத்துக்கும் ஆமென் என்றில்லை. வரிசையாகவும் சதுரமாகவும் நின்று ஆடுகிற குவாட்ரில் மாதிரி ஆட்டங்கள் நல்லது. ஜோடி ஜோடியாகக் கட்டிப் பிடித்துச் சுற்றுகிற வால்ட்ஸ் சந்தேகத்துக்குரியது, ஒரு ராத்திரிக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று மூப்பர்கள் எண்ணிக்கை வைத்த காலம் உண்டு. அந்த வால்ட்ஸைத்தான் பாட்டி இப்போது ஒழுக்கமான பழைய ஆட்டம் என்று பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்! எந்தக் காலத்திலும் முந்தின தலைமுறையின் அட்டூழியம்தான் அடுத்த தலைமுறையின் பாரம்பரியம்.

பாட்டி தன் கணவரைச் சந்தித்தது கோல்ட் அண்ட் கிரீன் பாலில். சபையின் வாலிபர் சங்கத்துக்குப் பச்சையும் தங்கமும் நிறம். அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் ஆண்டு நடனம் ஒரு காலத்தில் பெரிய திருவிழாவாக நடந்தது. ஒவ்வொரு பெண் கையிலும் சின்ன அட்டை. எந்தப் பாட்டுக்கு யார் கூட ஆடுவது என்று பையன்கள் வந்து பெயர் எழுதுவார்கள். அப்படி வருகிறவனை மறுக்காதே என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்களாம். “ஒரு பாட்டு மூணு நிமிஷம். மூணு நிமிஷம் யார் கூடவும் மரியாதையா நிக்கக் கத்துக்கிட்டா போதும்” என்றார் பாட்டி. பிடிக்காதவன் வந்தால் என்று என் மகள் கேட்டாள். “அட்டை நிறைஞ்சுபோச்சுன்னு சொல்லுவோம்” என்று கண்ணடித்தார்.

டான்ஸ் நாளான சனிக்கிழமை வந்தது. ஏப்ரல் கடைசி, வெயில் ஏற்கெனவே நூறு ஃபாரன்ஹீட்டைத் தொட்டு நின்றது. காலையில் பிள்ளைகள் கூட்டமாகப் போய் பவுலிங் விளையாடிவிட்டு வந்தார்கள். பகல் டேட் என்று அதற்குப் பெயர். தனி ஜோடியாக எங்கேயும் போவதில்லை. 16 வயதுக்கு முன்னால் டேட்டிங் வேண்டாம் என்பதும், அதற்குப் பிறகும் கூட்டமாகவே போவது நல்லது என்பதும் அவர்கள் வளர்ப்பு. டான்ஸுக்கு மட்டும் 14 வயது நிறைகிற வருஷத்தின் ஜனவரியிலிருந்தே வரலாம்.

பையன் வந்தான். கையில் பிளாஸ்டிக் டப்பாவில் மணிக்கட்டுப் பூ. இவள் அவன் கோட்டில் பூ குத்த வேண்டும். குண்டூசி, கை நடுக்கம், இரண்டு அம்மாக்கள் ஆளுக்கொரு யோசனை. எங்கள் கொல்லைத் தொட்டியில் மல்லிகை நன்றாக வந்திருந்தது. அரிசோனா வெயில் மல்லிகைக்கு ஒத்துக்கொள்ளும், குளிர்காலத்தில் இரண்டு ராத்திரி மூடிவைத்தால் போதும். ஒரு முழம் கட்டி வைத்திருந்தேன். வேண்டாம் என்பாளோ என்று நினைத்தேன், வாங்கிக் கொண்டையைச் சுற்றி வைத்துக்கொண்டாள். பையன், அது என்ன வாசனை என்று கேட்டான். என்னைப் பார்த்துத்தான் கேட்டான், தரையைப் பார்க்காமல்.

போட்டோ எடுக்க கில்பர்ட்டின் ரிபேரியன் பிரிசர்வுக்குப் போனார்கள். கொக்கும் வாத்தும் இருக்கிற ஏரிக்கரை, அன்றைக்குக் கவுன் கட்டின கூட்டம்தான் பறவைகளைவிட அதிகம். சாப்பாடு ஒரு பையன் வீட்டுக் கொல்லையில். பெற்றோர் வெள்ளைச் சட்டை போட்டு சர்வர் வேலை பார்த்தார்கள்.

நான் போனது சமையலறை உதவிக்கு. வேறு சபைப் பிள்ளையின் அம்மா, வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று தோழியின் அம்மா நாசூக்காகக் கூப்பிட்டிருந்தார். இவர்களுடைய சபைக் கட்டடங்களில் ஆராதனை அறைக்குப் பின்னால் மடக்குத் தடுப்பு ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் பெரிய ஹால். கல்ச்சுரல் ஹால் என்று பெயர், உள்ளே பாஸ்கெட் பால் கோர்ட். ஒரு ஓரத்தில் மேடை. அன்றைக்குக் கூடைகளை மேலே மடக்கி, சீரியல் லைட்டும் வெள்ளை நெட் துணியும் கட்டி மறைத்திருந்தார்கள். தரையில் மூன்று பாயிண்ட் கோடு மட்டும் மறையவில்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் பையன்கள் முதல் அரைமணி நேரம் நின்றார்கள்.

ஒரு பெண்பிள்ளை மைக்கில் ஜெபம் செய்தாள். ஆமென். உடனே பாட்டு அதிர்ந்தது. அந்த ஒரு நொடி எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை ஒளிக்க மாட்டேன், சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும்கூட அவர்கள் கையேட்டில் விதி உண்டு. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி ஆள் தெரிகிற அளவு வெளிச்சம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கிற அளவு சத்தம். விதி இருந்தது, டிஜே பையன் இரண்டாவதைக் கொஞ்சம் மறந்துவிட்டான். மெதுவான பாட்டு வந்தால் ஜோடிக்கு நடுவே ஒரு மார்மன் புத்தகம் வைக்கிற இடைவெளி வேண்டும் என்பது பழைய வேடிக்கை. பேப்பர்பேக்கா கெட்டி அட்டையா என்று பிள்ளைகளே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிஷப் ஜூஸ் ஊற்றினார். நான் பிரவுனி அடுக்கினேன். காபி இல்லாத அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குத் தலைவலி வந்தது தனிக் கதை.

ஜோடியாக வந்தவர்கள் ஜோடியாகவே முழு நேரமும் ஆடவில்லை. ஒவ்வொரு மெதுவான பாட்டுக்கும் ஆள் மாறினார்கள். சுவரோரம் நின்ற பெண்பிள்ளைகளை ஒரு பெரியவர் நோட்டம் விட்டு, பையன்கள் பக்கம் போய் ஒருத்தன் முதுகில் தட்டி அனுப்பினார். அவன் காது சிவக்க நடந்து வந்து, குனிந்து கேட்டான். அவள் எழுந்தாள். பாட்டு முடிந்ததும் அவளை மறுபடி நாற்காலி வரைக்கும் கொண்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனான். என் மகளும் பலரோடு ஆடினாள். ஒருத்தன் வந்து கேட்டபோது, இந்தப் பாட்டுக்கு வேண்டாம், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சிரித்துச் சொன்னதையும் பார்த்தேன். அவன் சாகவில்லை. சரி என்று போய்விட்டான். பாளையங்கோட்டையில் நாங்கள் வளர்ந்தபோது ஒரு பையன் நேருக்கு நேர் வந்து ஒன்று கேட்கவும் வழியில்லை, நேருக்கு நேர் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. இருந்தது பாடகர் குழு. ஆல்டோவும் டெனரும் பக்கம் பக்கமாக நிற்கும், பாட்டுப் புத்தகத்துக்கு மேலே கண் போகும். அப்புறம் கீத பவனி. டிசம்பர் ராத்திரி லாரியில் வீடு வீடாகப் போகிற ஒரே நேரம். ஒரு வருஷத்து ஆசையெல்லாம் அந்த லாரியில்தான் ஏறும். பேச்சு கிடையாது. பேசினது தெரிந்தால் ஐயர், அதாவது சபைப் போதகர் வரைக்கும் போகும், அவரிடமிருந்து வீட்டுக்கு வரும்.

இங்கே காவல் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் ஊரைவிட அதிகம். ஆனால் காவல் அந்த அறைக்குள்ளேயே, லைட்டைப் போட்டுக்கொண்டு, ஜூஸ் ஜக்கோடு நிற்கிறது. நாங்கள் கதவைப் பூட்டிவிட்டு வெளியே காவல் இருந்தோம்.

ரொம்பப் புகழ்ந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. இதில் சபைக்கு ஒரு சுயநலமும் உண்டு. தங்கள் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் கட்ட வேண்டும், கோவிலுக்குள் கட்ட வேண்டும். கோவில் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் தகுதியுள்ள அங்கத்தினராக இருக்க வேண்டும். அப்படியென்றால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? எங்கள் பக்கம் அசனப் பண்டிகையில் சோறு பரிமாறும்போது, எந்தப் பெண் யார் மகள் என்று பெரியம்மாக்கள் கணக்கு எடுப்பார்கள் இல்லையா, அதே வேலையை இவர்கள் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், அது சின்ன வித்தியாசமும் இல்லை.

கடைசிவரை யாரும் வந்து கேட்காத ஒரு பெண்ணும் இருந்தாள். முதுகில் தட்டி அனுப்புகிற பெரியவரின் கண்ணுக்கும் அவள் தப்பிவிட்டாள். பையன் பெண்ணைத்தான் கேட்க வேண்டும் என்கிற ஹாலில் வேறு மாதிரிப் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்றும் யோசித்தேன். அந்தப் பெண் பிரவுனி மேஜைக்கு வந்து, உங்கள் மகளின் கவுனில் கை நீங்கள் வைத்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே எப்படி முடித்தீர்கள் என்று கேட்டாள். தையல் தெரிந்தவள்! கிராஸ் பீஸ், கைக்கடித் துண்டு எல்லாம் பேப்பர் நாப்கினில் படம் போட்டுக் காட்டினேன். அவள் தன் கவுனைத் தானே தைத்திருந்தாள், ஜிப் வைத்த நேர்த்தியைப் பார்த்தால் நான் அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த ராத்திரியில் எனக்குக் கிடைத்த நல்ல பேச்சுத்துணை அவள்தான்.

பதினொரு மணிக்கு லைட்டெல்லாம் போட்டுவிட்டார்கள். நடுராத்திரி தாண்டினால் ஓய்வுநாள் பிறந்துவிடும். மறுபடி ஜெபம். கவுனோடும் கோட்டோடும் பிள்ளைகளே நாற்காலி மடக்கினார்கள், பெருக்கினார்கள், பாஸ்கெட் பால் கூடையைக் கீழே இறக்கினார்கள். என் மகள் ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். கை பிடித்ததா என்று கேட்டேன். “எந்தப் பையன் கையும்மா?” என்றாள். கவுன் கையைக் கேட்டேன்டி என்றேன். பிடிக்கவில்லையாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கை நல்லா இருக்கு என்றாள், மல்லிகை வாடியிருக்கு என்றாள், பையனுடைய அப்பா என்ன வேலை என்றாள். டான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மகளுக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது. மாதம் ஒரு முறை கூடுகிற எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களும் பையன்கள் ஒரு மூலை, பெண்கள் ஒரு மூலை என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்களே, கிறிஸ்துமஸுக்கு இப்படி ஒன்று வைத்தால் என்ன? டான்ஸ் என்று சொல்ல வேண்டாம், வாலிபர் ஐக்கிய மாலை என்று சொல்லலாம் என்றாள். தைரியமாக நானே கமிட்டியில் எடுத்துச் சொன்னேன். ரொம்ப நல்ல யோசனை சிஸ்டர், பிள்ளைகள் ஒன்றாகக் கூட வேண்டியது அவசியம் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆலோசித்தார்கள். கேரம் போட்டி வைப்பதாக முடிவாகியிருக்கிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. காபி உண்டு.